பத்தொன்பதாம் நாள்

அட்டைப் பெட்டி அச்சாகிவிட்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, இருபதாயிரம். ஒவ்வொன்றிலும் நாத்தனாரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'முப்பது நாள் பயன்படுத்திப் பார்த்தேன். நம்பி வாங்கலாம்' என்று இருந்தது.

நாத்தனார் பெட்டிக்குள் இருக்கும் மின்சாரக் கெட்டிலைப் பயன்படுத்தத் தொடங்கி அன்றைக்குப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

அண்ணிக்கு இது தெரியாமல் இல்லை. பெட்டியை அச்சுக்கு அனுப்பியவளே அவள்தான்.

அண்ணி என்றால் இந்த நாத்தனாருக்கு மட்டும் அண்ணி இல்லை. கணவனின் கெட்டில் தொழிற்சாலையில் விளம்பரப் பிரிவு முழுவதும் அவள் கையில்தான். நாத்தனார் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, வாட்ச்மேன் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோரும் அவளை அண்ணி என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். கணவருக்கு அங்கே பெயர் முதலாளி. வீட்டிலும் அவள் அவரை அப்படித்தான் நினைத்துக்கொள்வாள், பாதி மரியாதையாகவும் பாதி கேலியாகவும்.

நாத்தனாருக்கு அண்ணி வைத்திருக்கும் பெயர் 'முப்பது'. அவளுடைய சேனலின் பெயர் 'முப்பது நாள்'. எந்தச் சாமானாக இருந்தாலும் முப்பது நாள் தானே பயன்படுத்திப் பார்க்காமல் அவள் வாயைத் திறக்கமாட்டாள். எட்டு லட்சம் பேர் அதற்காகவே அவளைப் பார்க்கிறார்கள். போன வருஷம் அண்ணனுடைய மின் அடுப்பையும் அப்படித்தான் முப்பது நாள் வைத்திருந்துவிட்டு, கடைசியில் "சுமார்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் அடுப்பு படுத்துவிட்டது. அன்றிலிருந்து அண்ணிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை தேவைக்கு மட்டும்.

இந்தத் தடவை கெட்டிலுக்கு அவளையே பிடிப்பது என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு செய்தாள். முப்பதும் ஒப்புக்கொண்டாள், முப்பது நாள் முடியட்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. ஆனால் கெட்டில் ஊரெல்லாம் போகும் தேதி நாளைக்கு என்று ஆகிவிட்டது. பதினொரு நாள்தானே குறைகிறது, நம் வீட்டுப் பெண்தானே, மாட்டேன் என்றா சொல்லப்போகிறாள் என்று அண்ணி பெட்டியை அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். போன வெள்ளிக்கிழமை முதலாளியிடம் கேட்டபோது, எதற்கும் நாலு நாள் யோசிக்கிற அந்த மனிதர் அன்றைக்கு மட்டும் உடனே தலையை ஆட்டினார். தன் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மதிப்பா என்று அண்ணிக்கு மனம் குளிர்ந்து போயிற்று.

அன்று, வியாழக்கிழமை காலை, முதலாளி சமையலறையில் தன் டீக்குத் தானே தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். போன வாரம் இதே வியாழக்கிழமை, வீட்டிலிருந்த கெட்டிலின் மூடி லூஸாக இருக்கிறது என்று தொழிற்சாலைக்கு எடுத்துக்கொண்டுபோய் வேறொன்று மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பல்பு மாற்றுவதற்குக்கூட ஆள் கூப்பிடுகிறவர். மகளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தானே வெந்நீர் வைத்து சாக்லேட் பவுடர் கலந்து குடிப்பாள். குழந்தை புழங்கும் சாமான் என்று அவரே கவனித்துச் செய்ததில் அண்ணிக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பத்து மணிக்கு அலுவலகத்தில் கூட்டம். விளம்பர ஏஜென்சிக்காரன் சுவரில் படம் காட்டினான். 'நம்பகமான கூட்டணிக்கு ஐந்து படிகள்' என்பது தலைப்பு. முதல் படி, உண்மையாக இருங்கள். இரண்டாம் படி என்ன என்று சொல்வதற்குள் அவன் ஒரு தாளை எடுத்து அண்ணியிடம் நீட்டினான். முப்பது பேசவேண்டிய வசனம் அதில் இருந்தது. 'இங்கே லேசாகத் தயங்கவும்', 'இங்கே தானாக வருவதுபோல் சிரிக்கவும்' என்று நடுநடுவே குறிப்புகள்.

"தயங்கினாத்தான் நம்புவாங்க மேடம்" என்றான்.

அந்த நேரத்தில்தான் கதவு திறந்தது. முப்பது நின்றாள். கையில் போன். தட்டிவிட்டு வரும் வழக்கம் அவளுக்குண்டு; அன்றைக்குத் தட்டவில்லை.

போனை மேஜைமேல் தள்ளினாள். திரையில் அட்டைப் பெட்டியின் படம். அச்சகத்தில் வேலை செய்யும் ஒருத்தி அவளுடைய வீடியோக்களை விடாமல் பார்க்கிறவளாம். அவள்தான் படத்தை எடுத்து அனுப்பி, 'அக்கா, முப்பது நாள் எப்ப முடிஞ்சது?' என்று கேட்டிருந்தாள்.

ஏஜென்சிக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. முதல் படியிலேயே இப்படியாகும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"இது என் முகம்தானே அண்ணி?" என்றாள் முப்பது.

"உன் முகம்தான். வேற யார் முகத்தைப் போடச் சொல்ற?"

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"வீட்டுக்குள்ள கேட்டுக் கேட்டா செய்வாங்க? பதினொரு நாள்ல என்ன பெருசா மாறிடப் போகுது?"

முப்பது உட்காரவில்லை. தான் எந்தக் கம்பெனியோடு சேர்ந்தாலும் மூன்றே மூன்று பேச்சுதான் என்றாள். காசு வாங்கினேன் என்பதை வீடியோவின் முதல் நிமிஷத்திலேயே சொல்வாளாம். நாள் முடியாமல் பேசமாட்டாளாம். குறை இருந்தால் குறையையும் சேர்த்தே சொல்வாளாம். இதற்கு ஒப்புக்கொண்டு வந்த கம்பெனிகள் எல்லாம் வருஷக்கணக்கில் அவளோடு இருக்கின்றன. ஒப்புக்கொள்ளாதவர்களை அவள் வாசலோடு அனுப்பியிருக்கிறாள். இதை அவள் கத்தாமல் சொன்னாள். கத்தியிருந்தால் அண்ணிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணி வசனத் தாளையும், பெட்டியில் முகம் போட்டதற்குச் சம்மதக் கடிதத்தையும் அவள் பக்கம் நகர்த்தினாள். சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி கிளம்புகிறது, அதற்குள் கையெழுத்து வேண்டும் என்றாள். உன் முதல் கேமரா உன் அண்ணன் வாங்கிக் கொடுத்ததுதான் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அதைச் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு எடுத்துக்கொள்ளவும் மனமில்லை.

முப்பதுக்கு முகம் சிவந்தது. வசனத் தாளை எடுத்துப் படித்தாள். "தானாக வருவதுபோல் சிரிக்கவும்" என்ற வரியை மட்டும் வாய்விட்டுப் படித்துவிட்டு, தாளைத் திரும்ப வைத்தாள்.

"லாரி ஆறு மணிக்குக் கிளம்பினா, அதே ஆறு மணிக்கு என் வீடியோ வரும். பெட்டியில இருக்கறது பொய்னு நானே சொல்லுவேன்."

"சொல்லு. உங்க அண்ணன் கம்பெனி மூடட்டும். எண்பது பேர் வீட்டுக்குப் போகட்டும். உனக்கு லைக் வரட்டும்."

"மூணு மணிக்கு என் வீட்டுக்கு வாங்க. ஒண்ணு காட்டணும். அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

அவள் போனதும் அண்ணி நேராக முதலாளியின் அறைக்குப் போனாள். அவருக்கு ஏற்கெனவே எல்லாம் காதில் விழுந்திருந்தது. மூன்று மணிக்கு டீலர்கள் வருகிறார்கள், நீயே போய்ப் பேசி முடித்துவிடு என்றார். இவள் கதவருகே போனதும் பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார்.

"கெட்டிலைப் பத்தி அவகிட்ட ரொம்பப் பேச்சு வளக்காத. கையெழுத்தை வாங்கிட்டு வந்துடு."

அது ஏன் என்று அண்ணி அப்போது யோசிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவர்கள் எதைத்தான் யோசிக்கிறார்கள்?

முப்பதின் வீட்டுச் சமையலறை ஒரு கடைபோல இருந்தது. மேடை நெடுக ஏதேதோ சாமான்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி டேப் ஒட்டி, தொடங்கிய தேதியைப் பேனாவால் எழுதியிருந்தாள். இவளுக்குக் கல்யாணமானால் புருஷன் நெற்றியிலும் டேப் ஒட்டி முப்பது நாள் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வாள் என்று அண்ணி ஒரு காலத்தில் வீட்டில் கேலி செய்ததுண்டு. முப்பத்தைந்து வயதாகியும் நெற்றி எதுவும் சிக்கவில்லை.

டேப்பில் ஒரே தேதியோடு இரண்டு கெட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அண்ணிக்குச் சுருக்கென்றது. கம்பெனி அனுப்பியது ஒன்றுதானே?

இன்னொன்று கடையில் வாங்கியது என்றாள் முப்பது. நாளைக்கு ஊரெல்லாம் போகப்போகிற கெட்டில்தான். மூன்று வாரமாகச் சில கடைகளில் மட்டும் சாதாரணப் பெட்டியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கம்பெனி எதை அனுப்பினாலும் அவள் வேறொருவரை விட்டுக் கடையில் அதே சாமானை இன்னொன்று வாங்குவாள். இரண்டையும் சேர்த்தே முப்பது நாள் பார்ப்பாள். இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. இப்போது அண்ணியிடம் சொல்வதற்கும் அவளுக்கு இஷ்டமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இரண்டிலும் தண்ணீர் ஊற்றி ஒன்றாகப் போட்டாள். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். கம்பெனி அனுப்பிய கெட்டில் கொதித்தது; டக்கென்று தானே அணைந்தது. கடைக் கெட்டிலும் கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. ஆவி மூடியைத் தள்ளியது. தண்ணீர் பாதியாகும்வரை முப்பது கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பிளக்கைப் பிடுங்கினாள்.

"யாராவது போட்டுட்டு குளிக்கப் போனா என்ன ஆகும்னு நீங்களே நெனைச்சுக்குங்க."

அண்ணி அசைந்து கொடுக்கவில்லை. நீயே நோண்டியிருப்பாய் என்றாள். அடுப்பைக் கவிழ்த்தது போதாதா, இப்போது கெட்டிலுமா, எனக்கு நல்ல பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக இவ்வளவு தூரம் போவாயா என்று, பத்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். அவள் முடித்ததும் முப்பது இரண்டு கெட்டில்களையும் கவிழ்த்து அடியில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினாள். கம்பெனி அனுப்பியதில் எண் நாலில் தொடங்கியது. கடையில் வாங்கியதில் ஏழில் தொடங்கியது.

"உள்ள திறந்து பார்த்தேன். கொதிச்சதும் அணைக்கற சுவிட்ச் நாலுல வேற, ஏழுல வேற. கடையில விக்கறது எல்லாம் ஏழுதான், ஆறு கடையில பார்த்துட்டேன். எனக்கு மட்டும் நாலு வந்திருக்கு. எனக்கு அனுப்பின பீஸை யார் எடுத்துக் கொடுத்தது?"

அண்ணிக்குப் பதில் தெரியும். அதை எடுத்துக் கொடுத்தது முதலாளி. தன் கையாலேயே துடைத்துப் பெட்டியில் வைத்தார். தங்கைக்குப் போகிறது, பார்த்துத்தான் அனுப்பவேண்டும் என்றுகூடச் சொன்னார்.

"பதினொண்ணாம் நாள் இது நிக்காம போச்சு. போன புதன்கிழமை. அன்னிக்கே அண்ணனுக்கு போன் பண்ணிச் சொன்னேன். பாக்கறேன்னார். உங்ககிட்ட சொல்லலையா?"

"பொய் சொல்லாத."

"சரி, பொய். இதை எடுத்துட்டுப் போங்க. உங்க வீட்லயே வெச்சுப் பாருங்க. ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

கடைக் கெட்டிலை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தாள். காபி தரவா என்று கேட்கவில்லை. கேட்டாலும் அண்ணி குடித்திருக்கமாட்டாள். படியிறங்கும்போது சம்மதக் கடிதம் மடித்தது மடித்தபடியே தன் பையில் இருப்பது அண்ணிக்கு ஞாபகம் வந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை.

வழியெல்லாம் அவளைக் கரித்துக்கொட்டிக்கொண்டே வண்டியை ஓட்டினாள். ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. போன புதன்கிழமை போன் செய்தேன் என்கிறாள். வியாழக்கிழமைதானே வீட்டுக் கெட்டிலின் மூடி லூஸாயிற்று?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனாள். மேடைமேல் இருந்த கெட்டிலைத் தூக்கிக் கவிழ்த்தாள். மிச்சமிருந்த தண்ணீர் புடவையில் கொட்டியது.

எண் நாலில் தொடங்கியது.

அண்ணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கமாக இருந்தது. பெட்டியில் நாத்தனார் முகத்தைப் போடலாம் என்று யோசனை சொன்னபோது அவர் ஏன் உடனே தலையை ஆட்டினார் என்பது இப்போது விளங்கியது. தன் பேச்சுக்கு மதிப்பு என்று குளிர்ந்து போனாளே, அந்த நினைப்பே அவளைக் கூசவைத்தது.

கடைக் கெட்டிலைப் பையிலிருந்து எடுத்தாள். டேப்பை உரித்து எறிந்தாள். இரண்டையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். டேப் இல்லாமல் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

ஐந்தரைக்கு முதலாளி வந்தார். வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக. கையெழுத்து ஆயிற்றா என்று வாசலிலேயே கேட்டார். ஆயிற்று என்றாள் அண்ணி. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பாடா. ஒரு டீ போட்டுக்கலாம்."

"போடுங்களேன்."

அவர் சமையலறைக்குள் போனார். இரண்டு கெட்டில்கள் இருப்பதைப் பார்த்து நின்றார். ஏன் இரண்டு என்று அவர் கேட்டிருந்தால் அண்ணிக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகத்துக்கு இடமிருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. முதல் கெட்டிலை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஓரமாக நகர்த்தி வைத்தார். இரண்டாவதைக் கவிழ்த்துப் பார்த்தார். அதில் தண்ணீர் பிடித்து சுவிட்சைப் போட்டார்.

அண்ணி அவர் பின்னால் வந்து, ஓரமாக வைத்ததை எடுத்து, அதிலும் தண்ணீர் பிடித்துப் போட்டாள்.

"நம்ம பொண்ணுக்கு நாலு. ஊருக்கெல்லாம் ஏழு. அப்படித்தானே?"

அவர் திரும்பினார். மறுக்கவில்லை. மறுப்பார் என்று கடைசிவரை அவளுக்கு ஒரு மூலையில் ஆசை இருந்தது. பழைய சுவிட்ச் கிடைப்பது நின்றுவிட்டது, கிடைத்ததைப் போட்டேன் என்றார். எல்லாமா பழுதாகிறது, நூற்றுக்குப் பத்துகூட இராது என்றார். திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம், எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறதுதான் என்றார். தொழில் பேச்சு பேசும்போது வருகிற அதே நிதானமான குரல்.

"உங்க தங்கச்சி போன் பண்ணிச் சொன்னா."

"சொன்னா. அதனாலதான் அவ முகம் தேவைப்பட்டது. அவ சொன்னா ஜனம் கேள்வி கேக்காது."

"அவளை வெச்சு ஏமாத்தறோம்னு தோணலையா?"

"பெட்டியில முகத்தைப் போடலாம்னு சொன்னது யாரு? நானா? பத்தொன்பது நாளை முப்பதுனு எழுதினது நானா? நீ எழுதின பொய்யைவிட என் பொய் எவ்வளவு பெருசுன்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் சொன்னது நிஜம் என்பதுதான் அதிகமாக எரிந்தது. டக்கென்று நாலாம் எண் கெட்டில் அணைந்தது. அவர் அதிலிருந்து கோப்பையில் ஊற்றிக்கொண்டார்.

அண்ணி போனை எடுத்தாள். முப்பது முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"உன்னை எனக்குப் பிடிக்காது" என்றாள் அண்ணி. "இனிமேலும் பிடிக்கப்போறதில்ல. அதை முதல்ல சொல்லிடறேன்."

"தெரியும். விஷயத்தைச் சொல்லுங்க."

"நான் வர்ற வரைக்கும் வீடியோவைப் போடாத."

"எதுக்கு வர்றீங்க? நிறுத்தவா?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் முதலாளி போனைப் பிடுங்கி அணைத்தார். கோப்பையை வைத்துவிட்டுப் போய்ச் சமையலறை வாசலில் நின்றார். ஆறுக்குப் பத்து நிமிஷம். மகள் டியூஷன் விட்டு வரும் நேரம். அங்கே தொழிற்சாலையில் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் அந்தச் சிரித்த முகத்தோடு.

"வழியை விடுங்க. பெட்டியில பொய் எழுதினது நான்தான்னு அந்த வீடியோவுல நானே சொல்லணும்" என்றாள்.

அவர் விடவில்லை. அவளும் நகரவில்லை. மேடையில் ஏழாம் எண் கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது. அதை அணைக்க இரண்டு பேரும் போகவில்லை.